மயில்துத்தமும் கடல் மீனும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் ஆசை நம் புதுச்சேரி நகரத்தார்க்குப் புதியதன்று. ஆயினும் அவ்வாசை பெரும்பாலும் நன்னீர் மீன்களோடு நின்றிருந்தது. அண்மைக் காலத்திலோ பவளப்பாறைகளினூடே வாழும் வண்ணக் கடல் மீன்களை வீட்டிற்குக் கொணர்ந்து உப்புநீரில் வளர்க்கப் புகுந்தோர் நம் மாணவரிடையும் பழைய மாணவரிடையும் சிலர் உளர். அவர்களுள் யானும் ஒருவன். வங்கக் கடல் தெருக்கோடியிலேயே முழங்கிக்கொண்டிருக்க, வீட்டுக் கூடத்தில் மற்றுமொரு கடல் எதற்கு என்று என் அன்னையார் வினவிய வினாவிற்கு இன்றளவும் தக்க விடை என்னிடத்தில் இல்லை. அவ்வாசையின் நியாய அநியாயங்களை ஈண்டு ஆராயப் போவதில்லை. கொணர்ந்துவிட்ட மீனை நோயினின்று காக்கும் முறையில் நம்மவர் செய்யும் ஒரு பிழையைப்பற்றியே சில சொல்ல விரும்புகிறேன். புதிதாக வந்த மீனுக்கு நோய் உண்டோ இல்லையோ, உடனே செம்பு மருந்தை நீரில் ஊற்றிவிட வேண்டும் என்னும் வழக்கமே அப்பிழை. அளந்தறியும் கருவி இல்லாதவன் செம்பைக் கையாலும் தொடலாகாது என்பதும், கருவியுடையவனும் நோயின்னதென்று அறியுமுன் அதனை நாடலாகாது என்பதும் என் அபிப்பிராயம்.

முதற்கண் நோயைக் கூறுவோம். கடல் மீனின் மேனியிலும் செட்டைகளிலும் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றுவது ஒன்று. ஜப்பானில் 1937-இல் சிகாமா என்பார் இதனை விவரித்தார். பின்னர் 1951-இல் லண்டன் விலங்கியற் சங்கத்தாரிடம் பிரவுன் என்னும் அம்மையார் இதற்குக் காரணமான ஒரணு உயிரை வகைப்படுத்தி, கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். மற்றொன்று, மேனிமேல் மெல்லிய பொன்தூசு படிந்தாற்போலத் தோன்றும் நோய். அதனை உண்டாக்கும் அமைலோஊடினியம் என்னும் நுண்ணுயிரையும் அவ்வம்மையாரே 1931-இல் விவரித்திருந்தார். பிந்தியது முந்தியதினும் கொடியது. புறத்தே தூசு புலப்படுமுன்னரே செவுள்களைப் பற்றி, மீனை மூச்சுத் திணறச் செய்து, இரண்டு மூன்று நாட்களில் மாய்த்துவிடும்.

இவ்வுயிர்களின் வாழ்க்கைமுறையை அறியாதவன் இவற்றிற்கு மருந்திடப் புகுவது, திருடன் எந்த வாயிலால் வருகிறான் என்றறியாமல் காவல் நிற்பதையொக்கும். வெண்புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள்ளே புகுந்து மூன்று முதல் ஏழு நாட்கள்வரை அதன் சதையைத் தின்று பருக்கும். பின்னர், பெரும்பாலும் இருளில், மீனைவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடித்தளத்தை அடைந்து, தன்னைச் சுற்றி உறுதியான கூடொன்றைக் கட்டிக்கொள்ளும். அக்கூட்டினுள் ஒன்று பலவாகப் பிரிந்து, இருநூறு வரையிலான குஞ்சுகள் நீந்திப் புறப்படும். அவை ஏறக்குறைய ஒரு நாளைக்குள் மீனொன்றைச் சேர வேண்டும், சேராதவை அழியும். கூடு வெடிக்கும் காலமோ ஒரே சீரானதன்று. மூன்று நாளில் வெடிப்பனவும் உண்டு. 72 நாள்வரை கிடந்து வெடித்ததையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். செம்பு கொல்லுவது இந்நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதை அது தீண்டாது. கூட்டிற்குள் உறங்குவதையும் தீண்டாது. இவ்வொன்றை மறந்தமையாலேயே பலருடைய மீன்கள் மாண்டன. என்னுடையவையும் அங்ஙனமே மாண்டன.

செம்பின் இயல்பு நம் பாட்டிமார்க்கு நன்கு தெரிந்ததொன்று. செப்புக் குடத்தில் இரவு முழுதும் வைத்த நீரை விரும்பிப் பருகுவார்கள். அதே செம்பில் ஈயம் பூசாமற் புளிக்குழம்பு காய்ச்சினாலோ, களிம்பேறி நஞ்சாயிற்றென்று கொட்டிவிடுவார்கள். இதற்காகவே ஈயம் பூசுவோன் தெருத்தோறும் துருத்தியுடன் வந்த காலமும் இருந்தது. மரக்கலங்களின் அடியில் செப்புத்தகடு அறைந்ததும், சிப்பியும் பாசியும் பற்றாமைப் பொருட்டே. செம்பை உப்பாக்கிய மயில்துத்தம் பயிர்களுக்கும் மருந்தானது. பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே, வழிப்போக்கர் கொடிமுந்திரிப் பழங்களைத் திருடாதிருக்கத் தோட்டக்காரர் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்ததையும், அக்கொடிகள் மட்டும் பூஞ்சண நோய்க்குத் தப்பியதையும் கண்டு, 1885-இல் அக்கலவையை உலகறியச் செய்தார். திருடனுக்கு வைத்தது பூஞ்சணத்தைப் பிடித்த கதை அது. நம் உழவர் இன்றும் அந்நகரின் பெயராலேயே அக்கலவையை வழங்குகின்றனர். மீன்நோய்க்கு இதனை முறைப்படுத்தியோர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சிச் சாலையார். அங்கிருந்த டெம்ஸ்டர் என்பார் 1955-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

ஆகவே செம்பு நல்ல மருந்தென்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அளவோ மயிரிழையின்மேல் நடப்பதாகும். மயில்துத்தத்தினின்று கரைந்த தனிச்செம்பு, ஒரு லிட்டர் கடல்நீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம்வரை இருத்தல் வேண்டும். அதனினும் குறையுமாயின் கிருமி சாகாது. சிறிது மிகுமாயின் மீனின் செவுளும் சிறுநீரகமும் கெடும். நூறு லிட்டர் கொண்ட தொட்டிக்கு இவ்வளவு செம்பைத் தருவதற்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். அஃதாவது மூன்று நான்கு அரிசிமணிகளின் எடை! இதனைக் கண்மதிப்பால் இடுவோரை என்னென்பது? வேறு பொருள்களோடு பிணைத்து விற்கப்படும் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. அவற்றிற்கு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவும் அதற்குச் சற்று மேலும் வேண்டியிருக்கும். ஒன்றின் கணக்கை மற்றொன்றிற்குக் கொண்டவன் ஒன்று மீனைக் கொல்வான், அன்றேல் நோயை வளர்ப்பான்.

இம்மட்டோ? பவளக்கல், சிப்பிமணல், சுண்ணாம்புப் பாறை முதலியன தொட்டியில் இருக்குமாயின் அவை செம்பைத் தம்பால் ஈர்த்துக்கொள்ளும். காலையில் இட்ட அளவு மாலையில் இராது. ஆதலின் மருந்திடும் தொட்டி வெறுந்தரையுடையதாய், மீன் ஒளிந்துகொள்ளச் சில பிளாஸ்டிக் குழாய்த்துண்டுகள் மட்டும் உடையதாய் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டியைக் கொண்டு நாளுக்கு இருமுறை அளந்து, குறைந்ததை மட்டும் நிரப்ப வேண்டும். முழு அளவையும் ஒரே நாளில் ஏற்றாது இரண்டு மூன்று நாட்களிற் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். நீரைத் தூய்மை செய்யும் நல்ல நுண்ணுயிர்களையும் செம்பு தளர்த்துமாதலின், அம்மோனியா பெருகுகின்றதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு குறைந்தது மூன்று வாரம், பலர் கருத்தின்படி ஒரு திங்கள், இடைவிடாது நடத்தல் வேண்டும். சுறா, திருக்கை முதலிய குருத்தெலும்பு மீன்கள் இதனைச் சிறிதும் பொறா.

இறால், நண்டு, நத்தை, பவளம் ஆகியவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நண்டின் இரத்தம் நீலநிறமானது; அந்நிறத்தைத் தருவது அதிலுள்ள செம்பே. நமக்கு இரும்பு செய்யும் தொழிலை, அஃதாவது பிராணவாயுவைச் சுமந்து செல்லும் தொழிலை, நண்டுக்கும் இறாலுக்கும் செம்பு செய்கிறது. அத்தகைய உயிர்களே நீரிற் கரைந்த செம்பு சிறிது மிகுந்தாலும் மடிகின்றன. ஆகவே அவை வாழும் பெருந்தொட்டியில் ஒருகாலும் இம்மருந்தை இடலாகாது. நோயுற்ற மீன்களையெல்லாம் தனித்தொட்டிக்கு மாற்றி, பெருந்தொட்டியை மீனின்றி ஆறு முதல் பத்து வாரம்வரை வெறுமையாக விடுவதே முறை. பற்றிக்கொள்ள மீனில்லாமையால் கூடுகளினின்று வெளிப்படும் குஞ்சுகள் தாமே அழியும்.

இவையெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தனவல்ல. நான்காண்டுகளுக்கு முன் மூன்று கோமாளி மீன்களும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனும் வாங்கினேன். அவற்றை நேரே பெருந்தொட்டியில் விட்டேன். எட்டாம் நாள் வெண்புள்ளி கண்டது. நண்பர் ஒருவர் சொற்கேட்டு, மணலும் கல்லும் நிறைந்த அத்தொட்டியிலேயே ஒரு நீலக்கரைசலைத் தேக்கரண்டியால் ஊற்றினேன். அன்றிரவே என் தூய்மை இறால்கள் இரண்டும் கால்களை மேலே நீட்டிக் கிடந்தன. நான்காம் நாள் மீன்களின் மேனியில் ஒரு புள்ளியுமில்லை. ஆ, என்ன மகிழ்ச்சி! மருந்து வென்றதென்று கருதி நிறுத்திவிட்டேன். உண்மையில் மருந்து யாதும் வென்றிலது. வயிறு நிறைந்த கிருமிகள் தம் காலம் வந்தமையால் உதிர்ந்து கூடுகட்டச் சென்றிருந்தன, அவ்வளவே. பன்னிரண்டாம் நாள் முன்னினும் பத்துமடங்காகப் புள்ளிகள் தோன்றின. அச்சத்தால் இருமடங்கு ஊற்றினேன். வண்ணத்துப்பூச்சி மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதனைக் கொன்றது கிருமியோ, கரண்டியோ, நான் அறியேன். ஒரே ஒரு கோமாளி மீன் மட்டும் எஞ்சியது.

இனி, மாறுபட்ட கருத்துடையார் கூறுவதையும் மறைக்காமல் எடுத்துரைப்பது கடமை. அவர்கள் சொல்வதாவது: செவுளைப் பற்றும் பொன்தூசு நோய் கண்ணுக்குப் புலப்படுமுன் கொன்றுவிடும், ஆகவே நோயைக் கண்டபின் மருந்து என்று காத்திருப்பது பிணத்திற்கு வைத்தியம் பார்ப்பதாகும், வரும் மீன் ஒவ்வொன்றும் நோயுடையதென்றே கொண்டு முதல்நாளே செம்பைத் தொடங்குவதே அறிவு. இவ்வாதத்தில் வலிமையில்லை என்று யான் சொல்லேன். பல இடத்து மீன்கள் ஒரே நீரில் நெருக்குண்டு கிடக்கும் வாணிபத் தொட்டியினின்று வரும் மீனை ஐயுறுவது தகும். பெரிய மீன்காட்சிச் சாலைகளில், பயிற்சியுடையோர் நாடோறும் அளந்து இதனைச் செய்வதும் உண்டு. ஆயினும் நம் வீடுகளின் நிலை அதுவா? பிடிபட்டு, பையில் அடைபட்டு, பேருந்திலும் இரயிலிலும் குலுங்கி, இரண்டு நாள் உணவின்றி வந்த மீனுக்கு, அதன் நோயெதிர்க்கும் வலிமையையே தளர்த்தும் உலோகத்தை முதல் விருந்தாகப் படைப்பது எனக்கு உடன்பாடன்று. ஐயமுண்டாயின், செவுளினின்றோ தோலினின்றோ மெல்லச் சுரண்டியெடுத்த ஒரு துளியை நம் கலாசாலைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கலாமே! ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். விலங்கியல் மாணவர் பாடநூற் படங்களில் மட்டும் ஒரணு உயிர்களைக் கண்டு மனப்பாடம் செய்வதை நோக்க, இது எவ்வளவோ மேல். கிருமி இன்னதென்று கண்டபின், அது பொன்தூசு நோயாயின், அன்றே செம்பைத் தொடங்குவதில் எனக்குத் தடையில்லை.

வெண்புள்ளி நோயாயின் செம்பின்றியே வெல்லும் வழியுமுண்டு. உதிர்ந்த கிருமி கூடுகட்டிக் குஞ்சு பொரிக்க மூன்று நாளேனும் வேண்டுமன்றோ? ஆகவே மூன்று நாளுக்கொருமுறை மீனைப் புதுநீருள்ள வேறொரு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கழுவி வெயிலில் முற்றும் உலர்த்திவிட்டால், கூடுகள் அத்தனையும் பின்தங்கி அழிந்துபோகும். இவ்வாறு நான்குமுறை மாற்றினால் மீன் நோய் நீங்கும். செங்கடற்கரையிலுள்ள ஐலாத் நகரில் கொலோர்னி என்னும் ஆராய்ச்சியாளர் 1980-களில் கண்ட முறை இது. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும், காற்றூட்டும் சிறு பொறியும், பொறுமையும் இருப்பின் போதும். பொறுமைதான் கடையிற் கிடைப்பதில்லை. லிட்டருக்கு 35 கிராமாகவுள்ள உப்பைப் பாதிக்குங் கீழாகக் குறைத்து மூன்று நான்கு வாரம் வைத்திருப்பதும் மற்றொரு வழி. ஆயினும் குறைந்த உப்பையும் பொறுக்கும் கிருமி வகைகள் சிலவிடத்துக் காணப்பட்டுள்ளன. பொன்தூசு நோய்க்கோ இவ்விரண்டு வழியும் பயனற்றவை.

எவ்வழியைக் கைக்கொள்ளினும், வந்த மீனைப் பிற மீன்களோடு சேர்க்காமல் நான்கு வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துக் காத்தல் இன்றியமையாதது. இதனையே குவாரண்டைன் என்பர். கப்பலில் வந்தோரை நாற்பது நாள் விலக்கி வைத்த வெனிஸ் நகரத்து வழக்கத்தினின்று பிறந்த சொல் அது. தமிழர்க்கு அச்சொல்லோடு வேறொரு தொடர்புமுண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற நம் மக்கள் இராமேசுவரத்திற்கு இப்பாலுள்ள மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, காலராவும் பிற தொற்றுநோயும் இல்லையென்று காணப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். மனிதரை அங்கு நடத்திய விதம் தனியே எழுதத்தக்கது. பின்னர், 1947-இல் சென்னையில் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-இல் அம்மண்டபம் முகாமிற்கே பெயர்ந்தது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குச் சென்றபின்னும் அங்கே ஆராய்ச்சி நடந்துவருகிறது. மக்கள் காத்துக்கிடந்த ஊரில் இன்று கோமாளி மீன்கள் முட்டையிட்டுப் பொரிக்கின்றன. அவற்றைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் நுட்பத்தை அந்நிலையத்தார் உருவாக்கியிருக்கின்றனர். பாறையினின்று பிடித்த மீனை விடுத்து இங்ஙனம் தொட்டியிற் பிறந்த மீனைத் தேடி வாங்குவோமாயின், அது நோயோடு வரும் அச்சம் பெரிதும் குறையும். மன்னார் வளைகுடாப் பாறைகளும் சிறிது மூச்சுவிடும். கடற்குதிரையும் பவளமும் 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றை யாரேனும் விற்க வரினும் வாங்குதல் குற்றம்.

மீன்காட்சிச் சாலையென்பது நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன் முயற்சியால் 1909-இலேயே சென்னைக் கடற்கரையில் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. அக்காலத்தார்க்குச் செம்பளக்கும் சோதனைப் பெட்டி ஏது? கடலும் கடல்நீரும் கண்ணெதிரே இருந்தமையே அவர்கட்குப் பெருந்துணை. இன்று நமக்கோ கருவி உண்டு. மீனுக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுப்போர் அக்கருவிக்குச் சில நூறு கொடுக்க மனமின்றி, "சுமாராக ஊற்றினாற் போதும்" என்பதுதான் வியப்பு. கடல்நீரை நம் நகரக் கரையிலேயே மொண்டு வருவோரும் உளர். பெரிய வாய்க்காலின் கழிவு கலக்கும் பக்கத்தில் மொண்ட நீரால் தொட்டியை நிரப்பிவிட்டுப் பின் மருந்தைக் குறைகூறுவதாற் பயனென்ன? உப்புப்பொடி வாங்கித் தூயநீரிற் கரைப்பதே நன்று.

இன்னுமொன்று. மூன்று வாரம் கழிந்தபின் அந்தச் செப்புநீரை என்செய்வது? எல்லாரும் செய்வதுபோல யானும் முன்னர் அதனைத் தெருச் சாக்கடையில் ஊற்றியவனே. அச்சாக்கடை வாய்க்காலையடைந்து, வாய்க்கால் கடலையடையும். ஒரு வாளி நீரால் வங்கக் கடல் கெட்டுவிடாதென்பது உண்மையே. எனினும் இறாலின் குஞ்சுகள் கரையோரத்து ஆழமற்ற நீரில் வளர்பவை என்பதும், வைத்திக்குப்பத்தாரும் வீராம்பட்டினத்தாரும் அவ்விறாலால் அடுப்பெரிப்பவர்கள் என்பதும் உண்மையே. இப்பொழுது அந்நீரில் வீரியமூட்டிய கரியை மெல்லிய துணிப்பையிலிட்டுச் சில நாள் சுழலவிட்டு, சோதனைப் பெட்டி செம்பில்லையென்று காட்டிய பின்னரே வெளியேற்றுகிறேன். செம்பேறிய அக்கரியை உலரவைத்துத் தனியே கட்டி வைத்திருக்கிறேன். அதனை எங்கே சேர்ப்பதென்று நம் ரசாயனப் பேராசிரியர்கள் யாரேனும் இப்பத்திரிகையின் அடுத்த இதழில் எழுதினால் நன்றியுடையேன்.

எஞ்சிய அக்கோமாளி மீன் இன்றும் என் வீட்டில் உயிரோடிருக்கிறது. அதற்குத் துணையாகத் தொட்டியிற் பிறந்த மற்றொன்றைச் சென்ற கிழமை கொண்டுவந்தேன். அது இரண்டாம் வாளியில் இருக்கிறது. முதல் வாளி மாடியில் வெயிலிற் கவிழ்ந்து கிடக்கிறது. நாளை காலை மீண்டும் மாற்ற வேண்டும்.